ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு விடுமுறை: ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விளம்பரப் படங்களில் ஆல்ப்ஸ் ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீல வானம், வெள்ளைச் சரிவு, பனி மூடிய மரவீடு. நேரில் போனால், ஒரு குடும்பம் ஆறு நாளும் சிரித்துக்கொண்டே கழிக்கிற ஊருக்கு அடுத்த பள்ளத்தாக்கிலேயே, இரண்டாம் நாள் மதியம் ஸ்கீயைக் கழற்றி வைத்துவிட்டு அறையில் முடங்க வைக்கிற ஊரும் இருக்கும். ஊரின் பெயரையும் தடங்களின் மொத்த நீளத்தையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் விதியை இங்கேயே சொல்லிவிடுகிறோம். உங்களில் யாருக்குச் சறுக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, அவருக்கு ஏற்ற மலையைத் தேடுங்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு எந்த மலையிலும் நாலு நல்ல தடம் கிடைத்துவிடும். புதியவருக்குத் தப்பான மலை அமைந்தால் அந்த வாரமே போச்சு.

யார் யார் வருகிறார்கள்?

ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, சறுக்கும் திறன், முழங்கால் இடுப்புத் தொல்லை உண்டா, சறுக்கவே போகாதவரா என்று குறியுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைப் பார்க்கலாம்: பிள்ளைகள் பள்ளி முகாமில் சறுக்கக் கற்றுக்கொண்டு, ஓரளவு கடினமான சிவப்புத் தடத்தில் இறங்குவார்கள், அப்பா அம்மா ஒருமுறையும் ஸ்கீ மாட்டியிருக்க மாட்டார்கள், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிக்குப் பனியைப் பார்த்தாலே போதும். இந்த மூன்று தரப்புக்கும் ஒரே மலை வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று தரப்பும் ஒரே இடத்தில் சந்திக்க முடியுமா என்பதைக் கேள்வியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தைப் பார்க்கும்போது இது உதவும்.

எப்போது போவது?

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சம், பனி நிச்சயமில்லை. இரண்டும் சேர்ந்து வருவதால் அந்த வாரத்துக்கு 2000 மீட்டருக்குக் கீழே சறுக்கும் ஊர்களைத் தவிர்ப்பது நல்லது. புத்தாண்டு முடிந்து ஜனவரி இறுதி வரை கூட்டம் குறைவு, விலை குறைவு, பனியும் நன்றாக இருக்கும். ஆனால் கடுங்குளிர், சிறு குழந்தைகளுக்கு நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்திருப்பதே சிரமம்.

பிப்ரவரிதான் சிக்கல். பிரான்ஸில் பள்ளிகள் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்கு இரண்டு வாரம் என்று, பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நான்கு வாரங்களுக்கு விடுமுறை நீளும். பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்து விடுமுறைகளும், சுவிஸ் மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே விடும் விடுமுறைகளும் இதற்குள்ளேயே வரும். அந்த வாரங்களில் லிஃப்ட் வரிசையில் நிற்கிற நேரம், சறுக்குகிற நேரத்தை விழுங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளியால் வேறு வழியில்லை என்றால், அந்த வாரம் யாருக்கு விடுமுறை என்று பார்த்து நாட்டை மாற்றுங்கள். பாரிஸ் வட்டாரத்துக்கு விடுமுறை என்றால் பிரெஞ்சு ஆல்ப்ஸை விட்டுவிட்டு ஆஸ்திரியாவையோ இத்தாலியையோ பார்க்கலாம்.

மார்ச் நடுப்பகுதி நல்ல காலம். பகல் நீளம், வெயில் இதம், உயரமான இடங்களில் பனியின் ஆழம் பெரும்பாலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

உயரம்: எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

தேர்வின் உயிர்நாடி இதுதான். காற்றின் வெப்பநிலை 100 மீட்டர் ஏறும்போது சராசரியாக 0.65 டிகிரி குறைகிறது. 1000 மீட்டரில் 2 டிகிரி என்றால் அங்கே பெரும்பாலும் மழையோ ஈரப்பனியோதான். அதே நேரத்தில் 2300 மீட்டரில் ஏறக்குறைய மைனஸ் 6; அங்கே நல்ல உலர்பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

விளம்பரங்கள் உச்சியின் உயரத்தைச் சொல்லும். பயண வலைத்தளங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லும். இரண்டுமே ஏமாற்றக்கூடியவை. நாள் முழுக்க நீங்கள் ஏறி இறங்கப்போகும் லிஃப்டுகளின் அடி நிலையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்திரியாவின் இஷ்கிள் ஊர் 1377 மீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் கம்பியில் தொங்கும் பெட்டி லிஃப்டான கண்டோலாவில் ஏறியதும் இறங்குகிற ஈடால்ப் தட்டு 2320 மீட்டர். சறுக்கு முக்கியமாக அதற்கு மேலேதான் நடக்கிறது. அதனால் ஊரில் மழை பெய்தாலும் மேலே கவலையில்லை. கிட்ஸ்ப்யூல் ஊர் 762 மீட்டரில் இருக்கிறது, உச்சி ஏறக்குறைய 2000 மீட்டர். ஹானன்காம் பனிச்சறுக்குப் பந்தயத்தால் உலகப் புகழ் பெற்ற இடம், ஊரும் பேரழகு. இருந்தும் வெதுவெதுப்பான ஒரு வாரம் வந்தால் கீழ்ச்சரிவுகளில் செயற்கைப் பனிப் பட்டையும் இரு பக்கமும் பச்சைப் புல்லும்தான் மிஞ்சும்.

செயற்கைப் பனியைக் கொட்டும் பனி பீரங்கி இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்த இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 அளவுக்கு இறங்கினால்தான் பனி உருப்படியாக உருவாகும். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் சூடாக இருந்தால் நூறு பீரங்கி இருந்தும் பயனில்லை. இத்தாலியின் டோலமைட் பகுதியில் இயற்கைப் பனி அடிக்கடி கைவிட்டாலும் தடங்கள் நன்றாகவே இருக்கின்றன. அங்கே இரவுகள் குளிர்ந்தும் காற்று உலர்ந்தும் இருப்பதும், தடங்களில் மிகப் பெரும்பகுதிக்குப் பனி இயந்திர வசதி இருப்பதும்தான் காரணம்.

சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது அடுத்தது. வடக்குச் சரிவில் வெயில் குறைவு, பனி நிலைக்கும், ஜனவரியில் நிழலில் உறைவீர்கள். தெற்குச் சரிவில் பகலில் உருகி இரவில் இறுகும். காலை 9 மணிக்கு ஐஸ் கட்டி, மதியம் 2 மணிக்குக் கூழ். மார்ச்சுக்குப் பிறகு போகிறவர்கள் தொடக்கநிலைத் தடங்கள் தெற்கு பார்த்த ஊரை எடுத்தால், காலை வகுப்பு முழுவதும் ஐஸில் நடக்கும். விழுந்தால் அடி பலம்.

அப்படியானால் உயரம் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. ஆல்ப்ஸில் மரங்கள் ஏறக்குறைய 1800 முதல் 2200 மீட்டரோடு நின்றுவிடும். 2300 மீட்டரில் அமைந்த பிரான்ஸின் வால் தோரான்ஸ் ஐரோப்பாவின் மிக உயரமான பனிச்சறுக்கு ஊர். பனிக்குப் பஞ்சமில்லை, மரமும் இல்லை. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, நகர்கிறோமா நிற்கிறோமா என்பதே தெரியாது. தலைசுற்றி விழுகிறவர்களும் உண்டு. மரங்களுக்கு நடுவே போகும் தடத்தில் அந்த நாளிலும் கண்ணுக்குப் பிடிப்பு கிடைக்கும். பலத்த காற்றில் நாற்காலி லிஃப்டுகளை முதலில் நிறுத்திவிடுவார்கள். இரட்டைக் கம்பிகளில் தொங்கும் ஃபியூனிடெல் எனும் பெட்டி லிஃப்ட் காற்றைத் தாங்கும்; உலகின் முதல் ஃபியூனிடெல் வால் தோரான்ஸில் 1990-ல் அமைக்கப்பட்டதே இதற்காகத்தான். இவ்வளவு உயரத்தில் முதல் இரவு தூக்கம் வராமல் போகலாம், சிலருக்குத் தலைவலிக்கும். தண்ணீர் நிறையக் குடிப்பதும் முதல் நாள் மெதுவாக இருப்பதும் பெரும்பாலோருக்குப் போதும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை: ஊர் 1400 முதல் 2000 மீட்டர், சறுக்கு 1800 முதல் 2700 மீட்டர், ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சமாவது மரங்கள்.

தட வரைபடத்தைப் படிப்பது

ஊரின் வலைத்தளத்தில் தட வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அது ஓவியம்; அளவுக்குப் பொருந்தாது, வடக்கு மேலே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் ஓப்பன்ஸ்கீமேப் போன்ற திறந்த வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயரக் கோடுகளும் திசையும் அதில் தெரியும்.

தடங்களின் நிறங்கள், எளிதிலிருந்து கடினம் வரை: பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பொதுவாகப் பச்சை கிடையாது, நீலமே தொடக்கம். ஆஸ்திரிய, சுவிஸ் வழக்கில் நீலத் தடத்தின் சாய்வு சிறு பகுதிகள் தவிர 25 சதவீதத்துக்குள், சிவப்பு 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஊருக்கு ஊர் கண்டிப்பு மாறும். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டனில் நீலம் என்று போட்டிருப்பதில் சில, வேறு ஊரில் சிவப்பாகியிருக்கும். தேர்ந்தவர்களின் மலை அது. முதல்முறை போகிறவர்களை நாங்கள் அங்கே அனுப்ப மாட்டோம்.

இப்போது பென்சிலை எடுங்கள்.

1. பனிச்சறுக்குப் பள்ளி கூடும் இடத்தைக் குறியுங்கள். நகரும் பட்டை போன்ற மேஜிக் கார்ப்பெட்டும், மெதுவாக ஓடும் சிறு லிஃப்டும் அங்கே இருக்கின்றனவா? பக்கத்தில் கழிவறையும் சூடான உணவகமும் உண்டா?

2. அங்கிருந்து முதல் உண்மையான நீலத் தடத்துக்குப் போகும் லிஃப்டைத் தேடுங்கள். முதல் இரண்டு நாள் பயிற்சிச் சரிவிலேயே போய்விடும். மூன்றாம் நாள் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. பயிற்சிச் சரிவுக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி உள்ள ஊர்கள் நிறைய. புதியவர்கள் மனம் உடைவது அங்கேதான்.

3. அந்த நீலக் கோட்டின் மேல் பென்சிலை வைத்து உச்சியிலிருந்து அடிவரை இழுங்கள். நடுவில் ஓர் அங்குலம் சிவப்பு குறுக்கிட்டால் புதியவருக்கு அந்தத் தடம் இல்லை என்றே கொள்ளுங்கள். வரைபடத்தில் ஓர் அங்குலம் என்பது நேரில் ஐந்து மாடிக் கட்டட உயரமாக இருக்கலாம்.

4. மாலையில் ஊருக்குத் திரும்பும் வழி என்ன நிறம்? சிவப்பு மட்டுமே என்றால் கண்டோலாவில் இறங்கி வர முடியுமா என்று பாருங்கள். மாலை 4 மணிக்கு அந்தத் தடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், பனி தேய்ந்து ஐஸாகியிருக்கும், கால்களும் களைத்திருக்கும். விபத்துக்குத் தோதான நேரம் அது.

5. லிஃப்டின் வகையைப் பாருங்கள். டி-பார் எனும் இழுவை லிஃப்டில் நின்றபடியே போக வேண்டும். புதியவர்கள் விழுவதும் அங்கே அதிகம். ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். நீண்ட சமதளப் பாதைகளும் அவர்களுக்கு ஆகாது. ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டிவரும்.

மொத்தக் கிலோமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். கிறிஸ்டோஃப் ஷ்ராஹே என்ற ஜெர்மானியர் தடங்களின் நீளத்தை அளந்து 2013-ல் வெளியிட்டபோது, பல ஊர்கள் சொன்ன கணக்கு உண்மையைவிடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. நேர்நீளத்தை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து இறங்கும் தூரத்தை எழுதியிருந்தார்கள். எப்படியும் புதியவர் ஒரு வாரத்தில் பயன்படுத்தப்போவது 15, 20 கிலோமீட்டர்தான்.

யாருக்கு எந்த ஊர்?

எல்லோருமே புதியவர்கள் என்றால் பிரான்ஸின் ஆல்ப் துயெஸ். ஊர் 1860 மீட்டர். ஊருக்கு மேலேயே அகலமான பச்சைத் தடங்கள் விரிந்திருக்கின்றன. பிக் பிளான் உச்சி 3330 மீட்டர். அங்கிருந்து தொடங்கும் 16 கிலோமீட்டர் சாரென் கறுப்புத் தடம் தேர்ந்தவர்களுக்கு. கலவையான கூட்டத்துக்கு இப்படி ஓர் இடம் அரிது. சரிவுகள் பெரும்பாலும் தெற்கு பார்த்தவை, அதனால் ஏப்ரலில் வேண்டாம்.

சிறு குழந்தைகள் என்றால் ஆஸ்திரியாவின் செர்ஃபாஸ். ஊர் முழுவதற்கும் அடியில் ஓடும் இலவச ரயில் உண்டு. குழந்தையையும் ஸ்கீயையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. பிரான்ஸின் அவோரியாஸ் 1800 மீட்டரில், கார் நுழையாத ஊர். வீட்டு வாசலில் ஸ்கீ மாட்டலாம்.

சறுக்காதவர்கள் பாதிப்பேர் என்றால் சுவிட்சர்லாந்தின் வெங்கன் அல்லது கிரிண்டெல்வால்ட். மலை ரயில் எல்லோரையும் ஒரே இடத்துக்கு ஏற்றிவிடும். நடைபாதையும் ஸ்லெட்ஜ் பாதையும் உண்டு. டோலமைட்டின் சைசர் ஆல்ம் மேட்டுநிலமும் இதே வகை, சரிவுகளும் மென்மை.

பனிக்கு உத்தரவாதம் முக்கியம் என்றால் ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல் 1930 மீட்டர், சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே 1800 மீட்டர். அதே சுவிட்சர்லாந்தின் செர்மாட் எல்லாவற்றுக்கும் மேல். லிஃப்ட் 3883 மீட்டர் வரை போகிறது, ஊருக்குள் கார் இல்லை, பக்கத்து ஊரான டேஷ் வரை வந்து ரயில் பிடிக்க வேண்டும். ஆனால் புதியவர் அந்த விலையைக் கொடுத்து மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்க்கலாமே தவிர, மலையைப் பயன்படுத்த முடியாது. பிரான்ஸின் சாமொனியும் அப்படித்தான்: பேர் பெரிது, சறுக்குமிடங்கள் பள்ளத்தாக்கில் சிதறிக் கிடக்கின்றன, நாள்தோறும் பேருந்து.

போய்ச் சேர்வது

சனிக்கிழமை வேண்டாம். வீடுகள் சனிக்கிழமைதோறும் கைமாறுவதால், பிப்ரவரியில் பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஆல்பெர்வில்லிலிருந்து மூத்தியே போகும் சாலை நகரவே நகராது. ஞாயிறு முதல் ஞாயிறு வரை கிடைத்தால் எடுங்கள், அல்லது ரயிலில் போங்கள். சாங்க்ட் ஆன்டன் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பிரான்ஸின் பூர்-சாங்-மொரீஸ் நிலையத்தில் இறங்கினால் லெஸ் ஆர்க் 1600 என்ற ஊருக்கு மலை ரயில் ஏழே நிமிடத்தில் ஏற்றிவிடும். கிரிண்டெல்வால்ட் டெர்மினல் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கியதும் கண்டோலா. காரில்தான் போவேன் என்றால் குளிர்கால டயரும் சக்கரச் சங்கிலியும் வேண்டும். சங்கிலி மாட்டுவதை வீட்டு வாசலில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள், இருட்டில் கொட்டும் பனியில் பழக முடியாது.

தங்குமிடம்

'லிஃப்டிலிருந்து 100 மீட்டர்' என்றால் எந்த லிஃப்ட் என்று கேளுங்கள். சிவப்புத் தடத்துக்கு மட்டும் போகும் லிஃப்ட் என்றால் உங்களுக்குப் பயனில்லை. சறுக்குப் பள்ளி கூடும் இடத்திலிருந்து நடை தூரத்தை அளந்து, நடுவில் எத்தனை படிக்கட்டு, எவ்வளவு ஏற்றம் என்று பாருங்கள். ஸ்கீ பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு தோளில் உங்கள் ஸ்கீ, மறு கையில் குழந்தையின் ஸ்கீ என்று 300 மீட்டர் ஏறினால் காலையிலேயே நாள் முடிந்துவிடும்.

பிரெஞ்சு அடுக்குமாடிகளில் 'நால்வருக்கு' என்ற ஸ்டூடியோ பெரும்பாலும் 25 சதுர மீட்டர்தான்: வாசல் நடையில் ஒரு இரட்டை அடுக்குக் கட்டில், கூடத்தில் விரிக்கும் சோஃபா. நாலு பேர் என்றால் ஆறு பேருக்கானதை எடுங்கள். படுக்கை விரிப்பு, துண்டு, கடைசி நாள் துப்புரவு விலையில் அடக்கமா என்று பாருங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குச் சமையலறை உள்ள வீடுதான் நிம்மதி. அரிசி பருப்பைப் பள்ளத்தாக்கு ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மலைமேல் கடைகளில் தேர்வு குறைவு, விலை அதிகம்.

பாஸ், பள்ளி, வாடகை

பிரான்ஸில் மூன்று பள்ளத்தாக்குகளை இணைக்கும் 600 கிலோமீட்டர் தடங்கள் போன்ற பெரும்பரப்புக்கான ஆறு நாள் லிஃப்ட் பாஸ் ஒருவருக்கு 350 யூரோவைத் தாண்டும். புதியவருக்கு அது வீண். பல பிரெஞ்சு ஊர்களில் பயிற்சி லிஃப்டுகள் இலவசம். முதல் இரண்டு நாள் அதில் ஓட்டிவிட்டு, பிறகு ஊருக்கு மட்டுமான பாஸ் வாங்குங்கள். பள்ளி வகுப்பை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், பிப்ரவரிக்கு மாதக்கணக்கில் முன்பே. ஆங்கிலத்தில் வகுப்பு உண்டா என்பதையும் கேளுங்கள்.

வாடகைக் கடையில் பூட்ஸுக்கு நேரம் செலவிடுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. ஒரே ஒரு நீளச் சாக்ஸ். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் புண்ணாகும், ரத்த ஓட்டம் குறைந்து விரல் குளிரும். உள் பேண்ட்டை பூட்ஸுக்குள் சொருகாதீர்கள். புதியவரின் ஸ்கீ முகவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் இருந்தால் போதும். கடைக்காரர் எடையும் வயதும் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் எந்த விசையில் விடுபட வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் திருகுகிறார்கள். இறுக்கமாகிவிட்டால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் தசைநார் கிழியும்.

காப்பீடும் பாதுகாப்பும்

இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் பனிச்சறுக்கு பல சமயம் சேர்ந்திருக்காது. குளிர்கால விளையாட்டு, மலையிலிருந்து மீட்பு, ஹெலிகாப்டர், பிறரை மோதினால் வரும் நஷ்டஈடு ஆகிய நான்கும் பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஹெலிகாப்டர் பில் ஆயிரக்கணக்கான யூரோ. இத்தாலியில் 2022 முதல் நஷ்டஈட்டுக் காப்பீடு இல்லாமல் தடத்தில் இறங்குவதே குற்றம். ஹெல்மெட்டை எந்த நாட்டிலும் எல்லோரும் போடுங்கள். பனி சூரிய ஒளியை 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், ஆகவே மேகமூட்டத்திலும் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

தடத்தின் ஓரத்தைக் காட்டும் கம்பங்களுக்கு வெளியே யாரோ போன சுவடு தெரிந்தால் பின்தொடராதீர்கள். பனிச்சரிவிலிருந்து காப்பது குறியிட்ட தடங்களை மட்டும்தான். ஐரோப்பியப் பனிச்சரிவு அபாய அளவு 1 முதல் 5 வரை; நடுத்தரம்போலத் தோன்றும் 3-லேயே உயிரிழப்புகள் நிறைய நடக்கின்றன. அவசரத்துக்கு எங்கும் 112. சுவிட்சர்லாந்தில் வான்மீட்புக்கு 1414. அழைக்கும்போது தடத்தின் ஓரக் கம்பத்தில் உள்ள பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன்

ஊரின் வெப்கேமராவை ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் பாருங்கள். லிஃப்ட் வரிசையும் அடிச்சரிவின் பனியும் அதில் மறையாது. பனி அறிக்கையில் உச்சியின் ஆழத்தை விட்டுவிட்டு அடி நிலையத்தின் ஆழத்தையும், மொத்த லிஃப்டுகளில் எத்தனை திறந்திருக்கின்றன என்பதையும் படியுங்கள். நீங்கள் போகும் தேதியில் எல்லா லிஃப்டும் ஓடுமா என்றும் கேளுங்கள். டிசம்பர் தொடக்கத்திலும் ஏப்ரலிலும் பாதிதான் ஓடும், வாடகை மட்டும் முழுசாக வாங்குவார்கள். பனி இல்லாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் அனுப்புங்கள்.